மூன்று பெயர்கள், ஒரே மைதானம்: சென்னையின் தொழில்முறை ஹாக்கி அணிகள்

சென்னைக்குத் தொழில்முறை ஹாக்கி அணி இதுவரை மூன்று முறை வாய்த்திருக்கிறது: 2005இல் சென்னை வீரன்ஸ், 2012இல் சென்னை சீட்டாஸ், 2024இல் தமிழ்நாடு டிராகன்ஸ். மூன்றும் மூன்று வெவ்வேறு லீக்குகளில் பிறந்தவை. ஒன்றுக்கொன்று வாரிசுத் தொடர்பு கிடையாது. முதல் இரண்டு அணிகளும் தோற்றுப்போய்க் கலைந்தவை அல்ல. அவை ஆடிய லீக்கே ஒரு நாள் நடக்காமல் நின்றுபோனது. மூன்றாவது அணி இரண்டு பருவங்களைப் பார்த்துவிட்டது. அது இன்னும் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்ற கேள்விக்குப் புள்ளிப்பட்டியலில் விடை கிடைக்காது. ஓர் அணிக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது என்ற கணக்கில்தான் கிடைக்கும்.

லீக்குகள் வருவதற்கு முன்பே சென்னையில் ஹாக்கி ஆடிச் சம்பாதித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் படியளந்தவை அலுவலகங்கள். தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, ஏ.ஜி. அலுவலகம், காவல்துறை என ஒவ்வொன்றும் ஓர் அணி வைத்திருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்தால் அவன் வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்தது, பி.எஃப். வந்தது, முழங்கால் போன பிறகும் உட்கார ஒரு நாற்காலி இருந்தது. காலையில் பயிற்சி, நடுவில் சில மணி நேரம் கோப்பு, மாலையில் மறுபடி மைதானம். சென்னை டிவிஷன் லீக் ஆட்டங்களில் இந்த அணிகள்தான் ஒன்றோடொன்று மோதின. இதை யாரும் தொழில்முறை ஹாக்கி என்று அழைத்ததில்லை. ஆனால் வீரருக்கு ஆண்டு முழுதும் ஊதியம் கொடுத்த ஏற்பாடு சென்னையில் இது ஒன்றுதான்.

தென் புறநகர் இந்த ஏற்பாட்டுக்கு நெருக்கமானது. பரங்கிமலையும் பல்லாவரமும் ராணுவக் குடியிருப்புகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கலந்த ஊர்கள். தாம்பரத்தில் ரயில்வேயும் விமானப்படைத் தளமும் உண்டு. ரயில்வே, ராணுவம், மிஷன் பள்ளிக்கூடம் மூன்றும் சேர்ந்த இடத்தில் இந்தியாவில் ஹாக்கி ஸ்டிக் எப்போதும் இருந்திருக்கிறது. சற்றுத் தெற்கே, பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியோடு கப்பலேறினார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

புறநகர்க்காரர்களுக்கு மட்டுமே வரும் ஒரு குழப்பமும் இங்கே உண்டு. எழும்பூரில் நடக்கும் எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பைப் போட்டி நாட்டின் பழைய ஹாக்கிப் போட்டிகளில் ஒன்று. தாம்பரத்தில் எம்.சி.சி. என்றால் 1937இல் நகரத்திலிருந்து அங்கே இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரிதான். போட்டியை நடத்தும் எம்.சி.சி.யோ சேப்பாக்கத்து மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். ஒரு கிரிக்கெட் கிளப் நடத்துவது சென்னையின் முதன்மையான ஹாக்கிப் போட்டியாக இருப்பது தனி வேடிக்கை.

இந்தப் பின்னணியில்தான் 2005 ஜனவரியில் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. அப்போது ஐ.பி.எல். பிறக்க இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. ஊர்ப் பெயர் கொண்ட அணிகள், இரவு விளக்கில் ஆட்டம், தொலைக்காட்சிக்கு ஏற்ற நேரம் ஆகியவற்றை இந்தியாவில் முதலில் பரிசோதித்தது கிரிக்கெட் அல்ல, ஹாக்கி. இந்திய ஹாக்கி சம்மேளனமும் ஈ.எஸ்.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸும் கைகோத்து நடத்திய லீக் அது. உலகம் முழுதும் 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை அவர்கள் நான்காக உடைத்தார்கள். இடைவெளிகளில் விளம்பரம் போட வசதி. ஆட்டத்தின் புனிதம் போயிற்று என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2014இல் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பே 15 நிமிடங்கள் வீதம் நான்கு கால்பகுதிகள் என்ற முறைக்கு மாறியது.

சென்னை வீரன்ஸ் அந்த லீக்கின் முதல் அடுக்கில் இடம்பெற்றது. தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டிய பெயர். லீக்கின் இயல்புக்கும் அதுவே பொருத்தம். முதல் பருவம் முழுதும் ஹைதராபாத்தில், கச்சிபவுலி மைதானத்தில் நடந்தது. சென்னையின் பெயரைத் தாங்கிய அணியைச் சென்னைக்காரர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். ஹைதராபாத் சுல்தான்ஸ் முதல் கோப்பையை வென்றது. பாகிஸ்தானின் பெனால்டி கார்னர் மன்னன் சொகைல் அப்பாஸ் அதற்காக ஆடினார். தொடங்கும்போது இரண்டு அடுக்குகள். கீழடுக்கில் வெல்பவர் மேலே ஏறலாம், மேலே தேறாதவர் கீழே இறங்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தின் வழக்கம் இது. இந்தியாவில் அதற்கு ஆயுள் குறைவாக இருந்தது. சில பருவங்களில் லீக் ஒரே அடுக்காகச் சுருங்கியது.

வீரன்ஸ் நான்கு பருவங்கள் ஆடியது, கோப்பை எதுவும் வாங்கவில்லை. அதைக் கலைத்தது அந்தக் குறை அல்ல. 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, இந்திய ஆண்கள் அணி பெய்ஜிங் ஒலிம்பிக் தகுதியை இழந்தது. 1928க்குப் பிறகு ஹாக்கியில் இந்தியா இல்லாத முதல் ஒலிம்பிக் அது. அடுத்த மாதம் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ரகசியக் கேமராவில் பிடித்த காட்சிகள் வெளியாக, இந்திய ஒலிம்பிக் சங்கம் ஹாக்கி சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. லீக்கை நடத்திய கை முடங்கியதும் லீக் நின்றது. அணிகளுக்கென்று தனி முதலாளிகள் இல்லாததால், நீதிமன்றம் போய் உரிமை கேட்கவோ வேறு லீக் தேடவோ ஆள் இல்லை. வீரர்கள் தத்தம் அலுவலக அணிகளுக்குத் திரும்பினார்கள். அந்த நாற்காலிகள் அங்கேயே இருந்தன.

நான்கு ஆண்டு கழித்து வந்தது உலகத் தொடர் ஹாக்கி. அப்போது நாட்டில் இரண்டு ஹாக்கி அமைப்புகள்: பழைய இந்திய ஹாக்கி சம்மேளனம் ஒருபுறம், சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஹாக்கி இந்தியா மறுபுறம். சம்மேளனமும் நிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய இந்த லீக்கைச் சர்வதேசக் கூட்டமைப்பு ஏற்கவில்லை. 2011 டிசம்பரில் தொடங்குவதாக இருந்து, 2012 பிப்ரவரி 29க்குத் தள்ளிப்போனது. எட்டு அணிகள், 59 ஆட்டங்கள்; ஒவ்வோர் அணியும் மற்ற ஏழோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று மோதும் ஏற்பாடு. சென்னை சீட்டாஸுக்கு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் சொந்த மைதானமானது. இந்தியாவின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்பெயின்காரர் ஹோசே பிராசா அதற்குப் பயிற்சி அளித்தார். மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷேர்-ஏ-பஞ்சாப் புனே ஸ்ட்ரைக்கர்ஸை 5-2 என்று வென்றது.

அவ்வளவுதான். இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டது, தள்ளிப்போனது, நடக்கவே இல்லை. பேசிய தொகையில் பாக்கி நிற்கிறது என்று வீரர்கள் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஒப்பந்தப் பணத்தை நம்பி வேலையில் விடுப்பு எடுத்தவருக்கு அது நட்டம். வேலையே இல்லாமல் வந்த இளையவருக்கு அது பெரிய அடி. மேலும், அங்கீகாரமில்லாத லீக்கில் ஆடியதால் இந்திய அணிக்கான கதவு சாத்தப்படுமோ என்ற அச்சமும் அவர்களைத் துரத்தியது. ஒரு பருவ ஊதியத்துக்காக ஒருவர் தன் சர்வதேச வாழ்க்கையை அடகு வைக்க நேர்ந்தது. வைத்த பிறகு ஊதியமும் முழுதாக வரவில்லை.

அடுத்து ஹாக்கி இந்தியா தன் சொந்த லீக்கைத் தொடங்கியது. 2013 ஜனவரியில் ஐந்து அணிகள்: டெல்லி, பஞ்சாப், மும்பை, ராஞ்சி, உத்தரப் பிரதேசம். அடுத்த ஆண்டு ஒடிசாவின் கலிங்கா லான்சர்ஸ் ஆறாவதாகச் சேர்ந்தது. அங்கீகாரம், வெளிநாட்டு நட்சத்திரங்கள், ஒழுங்கான அட்டவணை எல்லாம் இருந்த லீக்; ஆனால் 2017 வரை நடந்த ஐந்து பருவங்களிலும் தென் மாநிலங்களுக்கு ஓர் அணிகூட இல்லை. கேரளத்து ஸ்ரீஜேஷ் மும்பைக்கும் பிறகு உத்தரப் பிரதேசத்துக்கும் கோல் காத்தார், குடகின் எஸ்.வி. சுனில் பஞ்சாபுக்கும் வி.ஆர். ரகுநாத் உத்தரப் பிரதேசத்துக்கும் ஆடினார்கள். தெற்கு வீரரைக் கொடுத்தது, அணியைப் பெறவில்லை.

அணிகள் உயிரோடிருக்க வெற்றி போதாது என்பதையும் இந்த லீக்தான் முதலில் காட்டியது. 2013இல் முதல் கோப்பையை வென்ற ராஞ்சி ரைனோஸ் 2014 பருவத்தோடு விலகியது. அதே ஊருக்கு ராஞ்சி ரேஸ் என்று வேறு பெயரில், எம்.எஸ். தோனியும் பங்குதாரராக இருந்த புதிய அணி வந்து, வந்த ஆண்டிலேயே கோப்பையை எடுத்தது. மும்பை மேஜிஷியன்ஸ் மறைந்து தபங் மும்பை தோன்றியது. பார்வையாளரை இழுக்க 2016இல் களத்தில் அடிக்கும் கோலுக்கு இரண்டு மதிப்பு என்ற விதியும் வந்தது. 2018 பருவம் ரத்தானது. 2017க்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் லீக் நடக்கவில்லை.

2024 அக்டோபரில் அதே பெயரில் லீக் மீண்டும் அறிவிக்கப்பட்டது. இம்முறை ஆண்களுக்கு எட்டு அணிகள், பெண்களுக்கு முதன்முறையாகத் தனி லீக். விரிவாக்கத்தில் தெற்கு இடம்பெற்றது: ஹைதராபாத் தூஃபான்ஸ், விசாகப்பட்டினத்தை மையமாகக் கொண்ட டீம் கோனாசிகா, சார்லஸ் குழுமம் வாங்கிய தமிழ்நாடு டிராகன்ஸ். பெண்கள் லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. ஆண்கள் அணி ஒவ்வொன்றும் ஏலத்தில் செலவிடக்கூடிய தொகை ரூ.4 கோடி, அதற்குள் 24 வீரர்கள், அவர்களில் எட்டுப் பேர் வெளிநாட்டவர். டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை ரூ.54 லட்சத்துக்கும், பாதுகாப்பு வரிசையின் அமித் ரோஹிதாஸை ரூ.48 லட்சத்துக்கும் எடுத்தது. கோல் காக்க அயர்லாந்தின் டேவிட் ஹார்ட்.

உள்ளூர்க் கணக்கில் முக்கியமான பெயர் கார்த்தி செல்வம். அரியலூர்க்காரர், கோவில்பட்டியில் தயாரானவர். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். 2023இல் எழும்பூரில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தூக்கிய இந்திய அணியில் இருந்த தமிழ்நாட்டு வீரர். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வி. பாஸ்கரனின் மாநிலத்திலிருந்து தேசிய அணிக்கு ஆள் போவது இடையில் வெகுவாகக் குறைந்திருந்தது. எனவே சொந்த மாநில அணிக்கே கார்த்தி ஏலம் போனதைத் தமிழ்நாட்டு ஹாக்கி வட்டாரம் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த முதல் பருவத்தில் டிராகன்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தமிழ்நாட்டில் ஆடவில்லை. ஆண்கள் ஆட்டங்கள் ரூர்கேலாவைச் சுற்றியே நடந்தன. அணி அரையிறுதிக்குப் போய் நான்காம் இடம் பிடித்தது. புதிய அணிக்கு அது நல்ல கணக்கு. வீரன்ஸின் 2005 கதைதான் மறுபடியும்: பெயர் இங்கே, ஆட்டம் வேறெங்கோ, நடுவில் தொலைக்காட்சி.

இரண்டாம் பருவத்துக்குள் லீக்கின் முகம் மாறிவிட்டது. இந்திய வீரர் ஹர்திக் சிங்கை முதல் ஏலத்தில் ரூ.70 லட்சத்துக்கு வாங்கிய யூ.பி. ருத்ராஸின் உரிமையாளர் விலகிக்கொள்ள, லீக்கின் ஆட்சிக்குழுவே ஓர் அணியைத் தன் பெயரில் நடத்த வேண்டியதாயிற்று. கோனாசிகா பட்டியலில் இல்லை. ராஞ்சி ராயல்ஸ் வந்தது. எண்ணிக்கை எட்டாகவே நின்றது, ஆட்கள் மாறினார்கள். டிராகன்ஸ் தொடர்ந்தது, பெயருக்கு முன்னால் ‘அக்கார்ட்’ சேர்ந்தது. 2026 ஜனவரியில் லீக்கின் ஆண்கள் ஆட்டங்கள் எழும்பூரில் தொடங்கின. ஒரு தமிழ்நாட்டு அணி, அங்கீகாரம் பெற்ற லீக்கில், சொந்த ஊர் மைதானத்தில், இந்தியாவின் மேல்தட்டு வீரர்களோடும் உலக வீரர்களோடும் ஆடுவதைச் சென்னை நேரில் பார்த்தது.

ஓர் அணிக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது என்ற கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். மைதானம் அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. லீக் ஹாக்கி இந்தியாவுடையது. இந்திய வீரர் ஆண்டின் பெரும்பகுதி தேசிய முகாமுக்கும் தன் அலுவலகத்துக்கும் கட்டுப்பட்டவர். வெளிநாட்டவர் தன் ஊர் கிளப்புக்கு. பருவம் ஏறக்குறைய ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மீதி பத்துப் பதினோரு மாதங்களுக்கு அணி என்பது ஒரு பெயர், ஒரு சின்னம், ஓர் ஒப்பந்தம். உரிமையாளர் கைமாறினால் மாறுவது இவை. கைவிட்டால் போவதும் இவை. கிரிக்கெட்டில் தொலைக்காட்சிப் பணத்தின் பங்கே ஓர் அணியைச் சுமந்துவிடும். ஹாக்கியில் அந்தப் பங்கு சிறிது. உரிமையாளரின் பொறுமைதான் மூலதனம்.

வட அமெரிக்கப் பனி ஹாக்கியோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1967இல் ஆறு அணிகள் ஒரே வீச்சில் பன்னிரண்டாகப் பெருகிய லீக் அது. பிந்தைய விரிவாக்கத்தில் லாஸ் வேகாஸ் அணி 50 கோடி டாலரும், 2021இல் களமிறங்கிய சியாட்டில் அணி 65 கோடி டாலரும் நுழைவுக் கட்டணமாகச் செலுத்தின. அந்தப் பணம் பழைய உரிமையாளர்களுக்குப் பங்காகப் போயிற்று. அங்கும் தள்ளாடும் அணிகள் உண்டு. 1996இல் வின்னிபெக்கிலிருந்து அரிசோனாவுக்குப் போன கயோட்டீஸ் 2009இல் திவாலாகி, லீக்கின் கையில் சில காலம் இருந்து, கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஐயாயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய அரங்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2024இல் அதன் வீரர்களும் ஒப்பந்தங்களும் அப்படியே சால்ட் லேக் சிட்டிக்குப் பெயர்ந்தன. அரிசோனா ரசிகர் அணியை இழந்தார். ஆனால் வீரர் ஒருவர்கூட ஊதியத்தை இழக்கவில்லை. 2012இன் சீட்டாஸ் வீரருக்கு இந்த இரண்டாவது வசதி கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இரு வகை உதாரணங்களும் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 பருவங்களில் தடைசெய்யப்பட்டு வெளியே நின்று, 2018இல் திரும்பி அதே ஆண்டு கோப்பையை வென்றது; இரண்டு ஆண்டு வெறுமையைத் தாங்க ரசிகர் கூட்டமும் பணமும் இருந்தன. சென்னை சிட்டி கால்பந்து அணி 2018-19இல் ஐ-லீக் சாம்பியன். கோயம்புத்தூரை உள்ளூராகக் கொண்டு ஆடிய அந்த அணி, இன்னும் இரண்டு பருவங்களில் லீக்கிலேயே இல்லை. டிராகன்ஸ் இவ்விரண்டில் எதை நெருங்கும் என்பது உரிமையாளர் செலவிடும் விதத்தைப் பொறுத்தது. ஏலத்துக்கு மட்டும் செலவிட்டால் சென்னை சிட்டியின் வழி. ஆண்டு முழுதும் இளையோர் பயிற்சிக்கும் ரசிகரைச் சேர்ப்பதற்கும் செலவிட்டால் வேறு வழி திறக்கலாம். இதுவரை சென்னை கண்ட எந்த ஹாக்கி லீக் அணியும் இரண்டாவதை முயன்று பார்க்கும் அளவுக்கு நீடிக்கவில்லை.

இங்கேதான் புறநகரின் இடம் வருகிறது. 2021இல் தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மக்கள் தெற்கே நகர்ந்துவிட்டார்கள்; ஹாக்கி எழும்பூரிலேயே நின்றுவிட்டது. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை, கிண்டி, மாம்பலம் என்று கடந்து எழும்பூரில் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும்; நிலையத்திலிருந்து மைதானத்துக்கு நடந்துவிடலாம். ரயில் பாதைக்கு இத்தனை அருகே அமைந்த சர்வதேச மைதானம் ஒரு வசதிதான். இரவு ஆட்டம் பார்க்கும் ரசிகருக்கு அது போதும். தினமும் காலை ஐந்தரைக்குப் பயிற்சிக்கு வர வேண்டிய பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அது போதாது.

தரை வேறுபாடு இதில் ஒளிந்திருக்கும் சிக்கல். பள்ளிக்கூடச் செம்மண் தரையில் பந்து நேராக ஓடாது. சிறு கல் பட்டால் முழங்கால் உயரம் துள்ளும். அங்கே பழகும் பிள்ளை பந்தை நிறுத்தித்தான் அடிக்கும், ஸ்டிக்கைச் சற்று நிமிர்த்தியே பிடிக்கும். நீர் தெளித்த நீலத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும்; நிறுத்தாமல் திருப்பிவிட வேண்டும், இடுப்பைத் தாழ்த்தி, ஸ்டிக்கை ஏறக்குறையப் படுக்கவைத்து ஆட வேண்டும். பெனால்டி கார்னரில் பந்தை இழுத்துச் சுழற்றி எறியும் டிராக் ஃப்ளிக்கை மண் தரையில் ஒழுங்காகப் பழகவே முடியாது. யிப் யான்சனுக்கு ரூ.54 லட்சம் கிடைத்தது அந்த ஒரு வித்தைக்காகத்தான் என்றால் பெரிய மிகை இல்லை. கோவில்பட்டியில் செயற்கைத் தரையும் தங்கிப் பயிலும் விடுதியும் வந்த பிறகு அங்கிருந்து கார்த்தியும் மாரீஸ்வரனும் இந்திய அணிக்குப் போனார்கள். அதைவிடப் பல மடங்கு மக்கள்தொகை கொண்ட தென்சென்னைப் புறநகரிலிருந்து அப்படி ஒரு வரிசை கிளம்பவில்லை.

லீக் விரிவடையும்போது இந்த இடைவெளி தானாகக் குறைவதில்லை. 2024 ஏலத்தில் 16 இந்திய இடங்கள் இருந்தாலும், அவற்றில் உள்ளூர்க்காரர் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று லீக் வற்புறுத்தவில்லை. இளையோர் நால்வர் வேண்டும் என்ற அன்றைய விதியையும் ஒடிசா, பஞ்சாப் பையன்களைக் கொண்டே நிறைவேற்ற முடிந்தது. ஒடிசாவில் நிலைமை வேறு. 2018 முதல் அந்த மாநில அரசே தேசிய அணிகளின் புரவலராக இருக்கிறது. சுந்தர்கர் மாவட்டக் கிராமங்களிலிருந்து ரூர்கேலா வரை பயிற்சி மையங்களின் தொடர் இருக்கிறது. கலிங்கா லான்சர்ஸின் உரிமையாளர் நாளைக்கே மாறினாலும் அங்கே ஹாக்கி நிற்காது. தமிழ்நாட்டு அரசும் அண்மை ஆண்டுகளில் கை நீட்டியிருக்கிறது: 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, 2025 நவம்பர்–டிசம்பரில் 24 நாடுகள் பங்கேற்ற இளையோர் உலகக் கோப்பை. பின்னது சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஜெர்மனி வென்றது, இந்தியா வெண்கலம் பெற்றது. மதுரைக்குப் புதிய சர்வதேசத் தரை கிடைத்தது அந்தப் போட்டியின் நிலையான லாபம்.

எழும்பூர் மைதானத்துக்கு இவை எல்லாம் பழகிய காட்சிகள். 1996, 2005 சாம்பியன்ஸ் கோப்பைகள், கொரியாவை 7-2 என்று இந்தியா வென்ற 2007 ஆசியக் கோப்பை, சீட்டாஸின் ஒரே பருவம், டிராகன்ஸின் ஜனவரி என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த தரை அது. லீக் அடுத்த ஊருக்குப் போன பிறகு அணிகளின் பதாகைகள் இறங்கும், ரயில்வேயும் ஐ.சி.எஃப்.பும் வங்கிகளும் அதே கோடுகளுக்குள் டிவிஷன் லீக்கைத் தொடரும்.